நாக்கும் நாற்காலியும்: ஒரு தெருவின் சாப்பாட்டுக்கடைகள்

உணவு விமர்சனம் என்ற எழுத்து வடிவம் பாரிஸ் நகரத்தின் கண்டுபிடிப்பு. 1803இல் கிறிமோ து லா றெனியேர் வெளியிடத் தொடங்கிய 'உணவுப்பிரியர் பஞ்சாங்க'த்திலிருந்தே அதன் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவது வழக்கம். அவர் 'சுவைக்கும் நடுவர் குழு' ஒன்றை வைத்திருந்தார். கடைக்காரர்கள் தமது பண்டங்களை இலவசமாக அனுப்பிவைப்பார்கள், குழு கூடி உண்டு தீர்ப்புக் கூறும், தீர்ப்பு அச்சேறும். பிறக்கும்போதே ஓசிச் சாப்பாட்டுடன் பிறந்த எழுத்து இது. பிறகு 1900இல் மிஷ்லன் ரயர் கம்பனி வாகனமோட்டிகளுக்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 1926இல் நட்சத்திரங்கள் வந்தன. 1997இல், அதிக செலவின்றி நன்றாகச் சாப்பிடக்கூடிய இடங்களுக்கென 'பிப் குர்மோன்' என்ற தனிக்குறி வந்தது. இந்த இருநூறு ஆண்டுகளில் அளவுகோல் எவ்வளவோ நுட்பமடைந்துவிட்டது. அளக்கப்படும் பொருள் மட்டும் மாறவில்லை: ஒரு தட்டு, அதன் முன்னால் ஒரு நாக்கு.

எம்மவரிடையேயும் அச்சேறாத ஓர் உணவு விமர்சனம் உண்டு. அதன் அளவுகோல் ஒற்றைச் சொல்: 'ஊர் ருசி'. சொதி ஊரில் மாதிரி இருந்ததா, சம்பல் இடித்ததா அரைத்ததா, தோசைமா புளித்ததா என்பதோடு தீர்ப்பு முடிந்துவிடும். பிரெஞ்சு விமர்சகரின் நாக்கு வர்க்கப் பயிற்சி பெற்ற நாக்கு என்பதைப் பியர் பூர்தியூ 1979இலேயே விரிவாக எழுதிவிட்டார். எமது நாக்கு எந்தப் பயிற்சி பெற்றது என்பதை நாம் இன்னும் கேட்கவில்லை. 'ஊர் ருசி' என்கிறபோது எந்த ஊர், அந்த ஊரில் யாருடைய வீடு, அந்த வீட்டின் எந்த வாசலில் நின்று உண்டவரின் ருசி?

ஒரு சாதாரண சாப்பாட்டுக்கடையை மதிப்பிடுவதற்கு நாக்கு மட்டும் போதாது, நாற்காலியும் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே யார் உட்காரலாம்? என்ன விலைக்கு, எவ்வளவு நேரம் உட்காரலாம்? உட்காரும்போது அவரிடம் என்ன கேட்கப்படுகிறது? உள்ளே நின்று சமைப்பவர் வெளியே வந்து உட்கார முடியுமா? இக்கேள்விகளை நான் எந்த ஐரோப்பியக் கோட்பாட்டிலிருந்தும் இரவல் வாங்கவில்லை. இவை யாழ்ப்பாணத்தில் பிறந்தவை. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் எமது பாடசாலைகளில் 'சம ஆசனம், சம போசனம்' என்ற கோரிக்கை எழுந்தபோது அதைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: உட்காருவதும் உண்பதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள். தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வேறு பேணி, வேறு போத்தல். வாங்குக்குப் பதில் நிலம் அல்லது தெருவோரம். தேநீர் ஒரே கேத்தலிலிருந்துதான் ஊற்றப்பட்டது. ருசியில் வேறுபாடு இருந்திருக்காது. நாக்கை மட்டும் வைத்து விமர்சனம் எழுதியிருந்தால் அக்கடைகள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கும்.

1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் நாற்காலி தானாகக் கிடைத்துவிடவில்லை. 1960களில் தேநீர்க்கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைவதற்கு ஆட்கள் அடிபட்டார்கள், உயிரும் கொடுத்தார்கள். கே. டானியலின் 'பஞ்சமர்' இக்காலத்தின் கதையையே சொல்கிறது. ஒரு சமூகத்தின் முக்கிய அரசியற் போராட்டங்களில் ஒன்று தேநீர்க்கடை வாங்கில் நடந்திருக்கிறதென்றால், அச்சமூகம் அந்நியநாட்டில் திறந்த சாப்பாட்டுக்கடைகளைப் பற்றி ஏன் ருசியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது?

*

இந்த அளவுகோலோடு கடந்த மாரியில் ஒரே தெருவை எடுத்துக்கொண்டேன். சன்-தெனி வாயிலில் தொடங்கி வடக்கே லாசப்பல் வரை செல்லும் ஃபோபூர் சன்-தெனி தெரு. இரண்டு கிலோமீற்றருக்கும் குறைவானது. பிரெஞ்சு அரசர்களின் உடலங்கள் சன்-தெனிப் பேராலயத்துக்கு அடக்கத்துக்காகக் கொண்டு செல்லப்பட்ட பழைய வழி இது. இன்று இதன் தென்முனையில் பிரெஞ்சுத் தொழிலாளர் உணவகத்தின் எச்சம். அடுத்துக் குர்தியர், துருக்கியர். பிறகு இந்தியப் பெயர்ப்பலகைகள் நிறைந்த ஒரு கூரைவழி. இரண்டு பெரிய புகையிரத நிலையங்களைக் கடந்தால் வடமுனையில் நாங்கள். பதினொரு மாலைகள் போனேன். எல்லா இடத்திலும் என் காசுக்குத்தான் சாப்பிட்டேன் என்பதைக் கிறிமோவின் வாரிசுகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் 'புய்யோன்'. இச்சொல்லுக்கு இறைச்சி அவித்த சாறு என்று பொருள். 'ரெஸ்ரோறன்ற்' என்ற சொல்லும் 18ஆம் நூற்றாண்டில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. உடல் தேறுவதற்காகக் குடிக்கும் சாற்றையே குறித்தது. சாற்றின் பெயர் பிறகு சாறு விற்ற இடத்துக்கு வந்தது. 1850களில் டுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர், லே ஆல் சந்தைத் தொழிலாளர்களுக்கு மலிவு விலையில் சாறும் அவித்த மாட்டிறைச்சியும் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து புய்யோன் என்ற கடைவகை பரவியது. 1896இல் தொடங்கிய சார்த்தியே இன்றும் இருக்கிறது. அங்கு வாடிக்கையாளர்கள் தமது துணிக் கைதுடைப்பான்களை வைக்கும் இலக்கமிட்ட சிறிய இழுப்பறைகளை இப்போதும் காணலாம். ஒரு கூலியாளுக்கு நகரத்தின் நடுவில் தன் பெயரில் ஓர் இழுப்பறை இருந்தது என்பது சிறிய விடயமல்ல. அது நாற்காலியின் மீதான உரிமைப் பத்திரம்.

ஃபோபூர் சன்-தெனியில் இருப்பது ஜூலியன். 1906ஆம் ஆண்டு அலங்காரம். கண்ணாடிகளும் பூவேலையும் பார்க்கத் தக்கவை. இடையில் விலை கூடிய உணவகமாக இருந்து 2018இல் மீண்டும் புய்யோன் ஆனது. பிகாலில் 2017இலும் றிப்பப்ளிக்கில் 2021இலும் புதிய புய்யோன்கள் திறந்ததோடு சேர்த்துப் பார்த்தால் இது ஒரு மறுமலர்ச்சி. முட்டையும் மயோனேசும், லீக்ஸ், வைனில் வேகவைத்த மாட்டிறைச்சி என்று உண்டேன். கணக்கு 20 யூரோவைத் தாண்டவில்லை. இறைச்சி நன்றாக வெந்து நாரோடு பிரிந்தது. சாற்றுக்கு உப்புச் சற்றுக் குறைவு. பணியாளர் மரியாதையானவர். ஆனால் கடைசிக் கரண்டி வாய்க்குப் போகுமுன்னரே கணக்கு மேசைக்கு வந்துவிட்டது. வாசலில் வரிசை. விலை மலிவாக இருப்பதற்கு நாற்காலி வேகமாகச் சுழல வேண்டும். இது இவ்வியாபாரத்தின் கணிதம், யாருடைய கெட்ட குணமும் அல்ல. பழைய புய்யோனிலும் தொழிலாளர் விரைந்துதான் உண்டார். அவருக்கு வேலைக்குத் திரும்பவேண்டியிருந்தது. இன்று என்னைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பவேண்டிய வேலை எதுவுமின்றி, தொழிலாளர் உணவின் நினைவை உண்டு, தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவு தங்கிவிட்டது, வர்க்கம் எழுந்து போய்விட்டது. இழுப்பறைகள் அலங்காரமாகிவிட்டன.

அங்கிருந்து சில நிமிட நடையில் குர்தியரின் கடைகள். பருப்புச் சூப்பும், மெல்லிய மாவில் கொத்திறைச்சி பரப்பிச் சுட்ட லாமாஜூனும், கேட்காமலே வரும் ரொட்டியும். சூப்பில் எலுமிச்சை பிழிந்து குடித்தபோது எமது பருப்பு ரசத்தின் ஒன்றுவிட்ட சகோதரி என்று தோன்றியது. சாப்பிட்டு முடிந்ததும் சிறிய கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. நான் கேட்கவில்லை, கணக்கிலும் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன். பக்கத்து மேசையில் மூன்று கிழவர்கள் தேநீரை மட்டும் வைத்துக்கொண்டு தமக்குள் சண்டைபிடித்தார்கள். மொழி புரியாவிட்டாலும் சண்டையின் தாளம் எனக்கு நன்கு பழக்கமானது: இயக்கம் பிழைவிட்டதா, விட்டதென்றால் எந்த ஆண்டில்.

இத்தெருவிலிருந்து பிரியும் ஆங்கியன் தெருவில் 2022 டிசம்பர் 23ஆம் திகதி ஒரு துப்பாக்கிதாரி குர்திய கலாசார நிலையத்தையும் அதற்கு அருகிலிருந்த உணவகத்தையும் சிகையலங்காரக் கடையையும் தாக்கினான். மூவர் கொல்லப்பட்டார்கள். அகதிகளை வெறுப்பவன் அவர்களைத் தேடிப் போகிற இடம் எதுவென்று கவனியுங்கள். அவர்கள் அச்சமின்றி உட்காருகிற இடம். சாப்பாட்டுக்கடையைப் பற்றி எழுத இவ்வளவு அரசியல் தேவையா என்று கேட்கும் நண்பர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

பிறகு பசாஜ் பிறாடி, 1828இல் கட்டப்பட்ட கூரைவழி. 1970களில் பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு தமிழர் இங்கு இந்திய உணவகம் திறந்ததிலிருந்து இவ்வழி 'குட்டி இந்தியா'வாக விற்கப்படுகிறது. இன்று நடத்துபவர்களில் பாகிஸ்தானியரும் வங்காளதேசத்தவரும் அதிகம். வாசலில் நின்று கைபிடித்து இழுக்காத குறையாக அழைக்கிறார்கள். உள்ளே போனால் மெழுகுதிரி, சித்தார் இசை, உள்ளே சீஸ் உருகும் நான். சீஸ் நானைப் பார்த்து முகம் சுளிக்கும் எம்மவரோடு எனக்கு உடன்பாடில்லை. புதிய நாட்டில் புதிய பண்டம் பிறப்பது இயல்பு. சூடாக வந்தால் அது நல்ல பண்டமும்கூட. எனது முறைப்பாடு வேறு. பாகிஸ்தானியர் தம் பெயரில் கடை திறக்க முடியாமல், பிரெஞ்சுக்காரர் கனவு காணும் இந்தியாவின் பெயரில் திறக்கவேண்டியிருக்கிறது. இங்கு நாற்காலி வந்தவருக்கு உண்டு. நடத்துபவருக்குத் தன் பெயரோடு நிற்க இடமில்லை.

*

இனி எங்கள் முனை. கார் து நோர் நிலையத்தைத் தாண்டி றூ காய், றூ பெர்தொனே, லாசப்பல் மெற்றோ. பெயர்ப்பலகைகளில் 'பவன்'களும் 'விலாஸ்'களும். இவை தமிழ்நாட்டுப் பெயர்கள். மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டிக் கிராமத்தவர்களின் காவல்தெய்வத்தின் பெயரால் பரவிய முனியாண்டி விலாசும், சென்னையில் 1981இல் தொடங்கிய சரவண பவனும் இத்தெருவில் பெயராக வந்து சேர்ந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து உணவுக்கு ஒரு கடைப்பெயர் மரபு இங்கு உருவாகவில்லை. காரணம் எளிது. புட்டும் ஒடியற்கூழும் வீட்டுக்குள் பெண்கள் சமைத்தவை. அவை கடையேறாதவரை அவற்றுக்கு விலையுமில்லை, பெயருமில்லை. இங்கு கடையேறியபோது சமையல் ஆண்களின் கைக்கு மாறியது, பெயர் அக்கரையிலிருந்து வந்தது.

நான் போன கடைகளில் ஒன்றில் இரண்டு உணவுப் பட்டியல்கள் இருந்தன. படங்களோடு அச்சிட்ட பிரெஞ்சுப் பட்டியலில் தோசை, தாலி, பிரியாணி. சுவரில் ஒட்டிய தமிழ்க் கடதாசியில் கையெழுத்தில் 'புட்டும் கணவாய்க் கறியும்', 'இடியப்பம் சொதி'. கணவாய்க் கறிதான் அந்த மாரி முழுவதும் நான் உண்ட மிகச் சிறந்த உணவு: கறுத்த சாறு, வறுத்த தூளின் மணம், கடித்தால் இழுபடாத பதம். அதை ஒரு பிரெஞ்சுக்காரர் கேட்க முடியாது. அது இருப்பதே அவருக்குத் தெரியாது. தமது ஆகச் சிறந்ததை மறைத்து, எதிர்பார்க்கப்படுவதை முன்வைக்கும் இந்த இரட்டைப் பட்டியல் எமது புலம்பெயர் வாழ்வின் சுருக்கம்.

மாலை ஆறு மணிக்குப் பின் இக்கடைகளில் ஒன்றரை யூரோத் தேநீரோடு இரண்டு மணித்தியாலம் இருக்கலாம். யாரும் எழுப்பமாட்டார்கள். இந்த அளவில் எங்கள் கடைகள் புய்யோனை வென்றுவிடுகின்றன. அகதி அட்டை நிராகரிக்கப்பட்டவர், வேலை போனவர், அறையில் ஆறு பேரோடு படுப்பவர் எல்லோருக்கும் அந்த நாற்காலி இருக்கிறது. ஊரில் ஒரே வாங்கில் இருந்திருக்க முடியாதவர்கள் இங்கு முழங்கை உரச இருக்கிறார்கள். இதைச் சிறிய வெற்றியென்று நான் நினைக்கவில்லை. ஆனால் தேநீரோடு ஒரு கேள்வியும் வருகிறது. 'தம்பி ஊரிலை எவடம்?' ஊர்ப் பெயரைச் சொன்னால் நிற்காது. 'அங்கை எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்காலையோ?' திசை கேட்பது புவியியல் ஆர்வத்தினால் அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லாமல் தேநீரை ஊதிக்கொண்டிருப்பவருக்கும் தெரியும். பேணி ஒன்றாகிவிட்டது, நாற்காலி ஒன்றாகிவிட்டது. கேள்வி மட்டும் பழைய கடையிலிருந்து அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. பதினொரு மாலைகளில் தனியே வந்து தேநீரோடு அமர்ந்திருந்த ஒரு தமிழ்ப் பெண்ணையும் நான் காணவில்லை. பெண்கள் வந்தார்கள், பொதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது கொத்துரொட்டி. சூடான தகட்டில் இரண்டு தகடுகள் அடிக்கும் அந்தச் சத்தம்தான் லாசப்பலின் தேசிய கீதம். 'யாழ்ப்பாணக் கொத்து' என்று எழுதியும் விற்கிறார்கள். கொத்து கிழக்கு மாகாணத்து முஸ்லிம் உணவுக்கடைகளில் பிறந்ததென்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள். ஆட்களை அனுப்பிவிட்டு அவர்களோடு சேர்த்தறியப்பட்ட பண்டத்தை வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டதோடு நில்லாமல் அதற்கு எங்கள் பெயரையும் இட்டோம். உணவு எல்லை கடக்கும், பெயர் மாறும், அது வரலாற்றின் வழக்கம் என்று ஒருவர் வாதிடலாம். சீஸ் நானுக்கு நானும் அப்படித்தான் வாதிட்டேன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சீஸ் நானுக்காக யாரும் வீட்டை விட்டுத் துரத்தப்படவில்லை. 'ஊர் ருசி' என்று நாம் கொத்தைச் சப்புக்கொட்டும்போது அந்த ஊரிலிருந்து யார் கழிக்கப்பட்டார்கள் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் விழுங்குகிறோம்.

*

கடைசியாக, கதவுக்கு அப்பால் இருப்பவர். தெருவின் இரு முனைகளையும் இணைப்பது சமையலறை. 1933இல் ஜோர்ஜ் ஓர்வெல் தான் பாரிஸ் ஹோட்டலொன்றில் கோப்பை கழுவிய அனுபவத்தை நூலாக்கினார். அவர் விட்ட இடத்தில் நாம் பிடித்துக்கொண்டோம். 'கோப்பை கழுவுறது' என்ற சொற்றொடர் எமது புகலிட இலக்கியத்துக்கே ஒரு கிளையைத் தந்தது. ஆனால் கோப்பை கழுவியவர்களில் பலர் பின்னர் சமையற்காரராகிப் பிரெஞ்சுச் சமையலையே செய்கிறார்கள் என்பது அக்கதைகளில் வருவது குறைவு. இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு பிரெஞ்சு உணவகத்தில் வைன் இறைச்சி சமைக்கும் நண்பர் ஒருவரிடம், வேலை செய்யுமிடத்தில் ஒருநாளாவது வாடிக்கையாளராக இருந்து சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன். 'அதெப்பிடி அண்ணை? போனா அவங்களுக்கு அந்தரமில்லை, எனக்குத்தான் அந்தரம்' என்றார்.

2014இல் பிரான்சில் 'ஃபே மெசோன்', அதாவது 'வீட்டில் செய்தது' என்ற குறி சட்டமாக்கப்பட்டது. பச்சைப் பொருட்களிலிருந்து அந்த இடத்திலேயே சமைத்த உணவுக்குக் கூரையும் சட்டியும் வரைந்த சின்னம். பொருள் எந்த நிலையில் வந்தது என்பதைச் சட்டம் கேட்கிறது. சமைத்தவருக்கு வீடு இருக்கிறதா என்று கேட்பதில்லை. 2008 ஏப்ரலில் பாரிஸ் பகுதியில் விசா இல்லாத தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, உணவகங்கள் பலவற்றில் உட்கார்ந்துகொண்டார்கள். பெரும்பாலும் ஆபிரிக்கர். சமையலறையில் நின்றவர்கள் சாப்பாட்டுக்கூடத்தில் உட்காருவதே அவர்களது போராட்ட வடிவமாயிருந்தது. ஆளணிப் பற்றாக்குறையுள்ள தொழில்களில் இருப்போர் முதலாளியின் சம்மதமின்றியே விசாவுக்கு விண்ணப்பிக்க 2024 ஜனவரிச் சட்டம், 2026 முடிவுவரையான தற்காலிக ஏற்பாடாக, ஒரு வழியைத் திறந்தது. கொடுப்பதும் மறுப்பதும் பிரிஃபெக்ரின் விருப்பம். எந்த வழிகாட்டி நூலும் இதற்கு நட்சத்திரம் கொடுப்பதில்லை. எமது கடைகளிலும் முதலாளி தமிழர், தொழிலாளி தமிழர் என்பதால் சம்பளச் சிட்டையில் எழுதாத மணித்தியாலங்கள் 'உதவி'யாகிவிடுகின்றன. இனப்பற்று மிகமலிவான கூலி.

விமர்சனம் என்றால் தீர்ப்பு வேண்டும். ருசியில் கணவாய்க் கறிக்கே முதலிடம். விலைக்கும் பதத்துக்கும் புய்யோன் நேர்மையான இடம். உட்காருவதற்கு, கேள்வி கேட்காமல் தேநீர் வைத்த குர்தியரின் கடையையே நான் முதலில் வைப்பேன். அவர்கள் தமக்குள் என்ன கேட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவர்களது எழுத்தாளர்கள் எழுதட்டும். எங்கள் கடைக்காரர்களிடம் நான் கேட்பவை மூன்று. சுவரிலுள்ள கடதாசியைப் பிரெஞ்சில் எழுதுங்கள். கொத்து எங்கிருந்து வந்ததென்று ஒரு வரி சேருங்கள். சமைப்பவரின் மணித்தியாலங்களைச் சிட்டையில் போடுங்கள். எங்கள் வாசகர்களிடம் கேட்பது ஒன்று: பக்கத்தில் இருப்பவரிடம் 'எவடம்' என்று கேட்குமுன், அந்தப் பதில் உங்களுக்கு எதற்கு என்று உங்களையே ஒருதரம் கேளுங்கள். மறுப்புள்ளவர்கள் எழுதுங்கள், விவாதிப்போம்.